தூண்பேரிக்கு இரண்டு பக்கம்

அத்தியாயம் பதினான்கு

லுக்யான் தன் பாதித் தோட்டத்தை விற்கப்போகிறான் என்ற செய்தியைப் போன வாரம் மின்ரயிலிலிருந்து இறங்கிய கையோடு மகள் ஸ்தேஷா சொல்லிவிட்டாள். ரிம்மா அதற்கு "அப்படியா" என்று மட்டும் கேட்டுவிட்டு, கையிலிருந்த முள்ளங்கி விதையைத் தூவப் போய்விட்டாள். ஏற்கெனவே விதைத்த பாத்தியிலேயே மறுபடியும் விதைத்திருக்கிறோம் என்பது அவளுக்கு வெகுநேரம் கழித்துத்தான் தெரிந்தது.

இன்று சனிக்கிழமை. வாங்குகிறவர் மதியம் வருவதாகப் பேச்சு.

உக்ரா நதியிலிருந்து விடியும்போது ஏறிய பனிமூட்டம் இன்னும் தோட்டத்தைவிட்டு இறங்கவில்லை. காட்டுச் செர்ரி பூத்தால் குளிர் ஒரு சுற்று திரும்பி வரும். இந்த ஆண்டும் வந்து, ஒரு வாரம் எல்லோரையும் கம்பளிக்குள் தள்ளிவிட்டு, நேற்றுத்தான் போனது. அதற்குள் எல்லையோரத்துத் தூண்பேரி மரங்கள் பூத்துவிட்டன.

ரிம்மா வாசல்படியில் தேநீர்க் கோப்பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு மரங்கள். கிளை என்று எதுவும் இல்லை. அடி முதல் நுனி வரை தண்டிலேயே பூ. நீராவிக் குளியல் முடித்து வெள்ளைப் போர்வையைச் சுற்றிக்கொண்டு வெளியே காற்று வாங்க நிற்கிறவர்கள் போல ஏழும் வரிசையாக நின்றன. அவற்றுக்கு அப்பால் இருப்பது எதுவும் தெரியவில்லை. கிணறு இல்லை, குளியல் குடில் இல்லை, அதன் புகைபோக்கியும் இல்லை. உலகம் அந்த ஏழு மரத்தோடு முடிந்துவிட்டது போல இருந்தது. அப்படியே முடிந்துவிட்டால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது. யாரும் எதையும் விற்க வேண்டியிருக்காது.

புதிதாக வந்து சேர்ந்த வாசகர்களுக்காக ஒரு விஷயம். ரிம்மாவும் லுக்யானும் ஆறு வருடத்துக்கு முன் விவாகரத்து ஆனவர்கள். தோட்டம் சரிபாதியாகப் பிரிந்தது. வீடு அவளுக்கு. கிணறும் மரத்தாலான குளியல் குடிலும் அவனுக்கு. அன்றிலிருந்து கோடையில் அவன் அந்தக் குடிலின் முன்னறையில்தான் படுக்கிறான். நடுவில் வேலி போட இருவருக்குமே மனம் வரவில்லை, ஆனால் வேலி இல்லாமல் விடவும் வீம்பு இடம் கொடுக்கவில்லை. சாதாரணப் பேரி மரமென்றால் அகலமாகப் படர்ந்து பக்கத்துப் பாத்திக்கு நிழல் கட்டும், எல்லையோரம் நடத் தோட்டச் சங்கமே விடாது. தூண்பேரி குட்டையாக, ஒல்லியாக, கம்பம் நட்ட மாதிரி நிற்கும். அதனால் அதை நட்டார்கள். நாற்றுகளை அவன் தேர்ந்தெடுத்தான், குழியை அவள் வெட்டினாள். இரண்டு நாளும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

தூண்பேரிக்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. ஜூன் மாதம் தண்டிலிருந்து பக்கவாட்டில் கிளம்பும் தளிர்களையெல்லாம் கிள்ளிவிட வேண்டும். இல்லையென்றால் அது தான் ஒரு தூண் என்பதையே மறந்து கண்டபடி கிளைவிட ஆரம்பித்துவிடும். இதை யார் செய்வது? ஸ்தேஷா தூது போனாள், ஒப்பந்தம் ஆயிற்று. அவரவர் பக்கத்துத் தளிரை அவரவர் கிள்ள வேண்டும். அவரவர் பக்கம் தொங்கும் பழம் அவரவருக்கு. ஒரு மரத்தை நெட்டுக்குப் பிளந்து இப்படிப் பங்குபோட எந்த நீதிபதிக்கும் தோன்றியிருக்காது. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் இலையுதிர் காலத்தில் பையோடு வந்து, "விவாகரத்துப் பழம் இருந்தா ரெண்டு கொடுங்க" என்று கேட்பார்கள்.

வசந்தத்தில் திடீர் உறைபனி வந்தால் மட்டும் ஒப்பந்தம் கொஞ்சம் தடுமாறும். பாதி மரத்துக்கு மட்டும் துணி போர்த்த முடியாதே. யார் இருக்கிறார்களோ அவர்கள் முழுசாகப் போர்த்துவார்கள். அதைப் பற்றி இருவரும் மூச்சுவிட்டதில்லை.

"அம்மா, அப்பம் ஆறுது" என்றாள் ஸ்தேஷா உள்ளேயிருந்து.

தயிர்க்கட்டி அப்பம். மேலே புளித்த பாலேடு. ரிம்மா மேசையில் உட்கார்ந்து ஒன்றை எடுத்துப் பிட்டாள், பிட்டதைத் தட்டிலேயே வைத்தாள்.

"வர்றவர் பேரு கர்பூஷினாம். தகர வேலி போடப்போறாராம்."

"போடட்டும்."

"போடணும்னா மரத்தைப் பிடுங்கணும்."

"பிடுங்கட்டும்."

"மரம் உங்க ரெண்டு பேருக்கும் பொது. நீ சம்மதம் சொன்னாத்தான் பிடுங்க முடியும். இல்லேன்னா அவர் வாங்கறதா இல்லையாம்." ஸ்தேஷா அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் பாலேட்டைக் கரண்டியால் கிளறினாள். "நீ வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா எல்லாம் நின்னுடும்மா."

"உங்கப்பா என்ன சொல்றார்?"

"நீ சம்மதிச்சுடுவேன்னு சொன்னார்."

"அவ்வளவு நிச்சயமா சொன்னாரா?"

"ரிம்மா தடுக்க மாட்டா, அவளுக்கு என்ன போச்சுன்னு சொன்னார்."

ரிம்மா அப்பத்தட்டைத் தள்ளி வைத்தாள். என்ன போச்சு? சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பக்கத்திலிருந்து பூர்ச்ச மர விறகின் புகை வரும். கிணற்றுச் சக்கரம் கிறீச்சிடும். வெள்ளிக்கிழமைதோறும் எல்லையோரம் இருக்கும் அவளுடைய பீப்பாயில் யாரோ தண்ணீர் நிரப்பி வைத்திருப்பார்கள். அவளும் யார் என்று கேட்டதில்லை. அந்தச் சத்தங்கள் இல்லாத சனிக்கிழமையை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் அதைச் சொல்லி ஒருவரைப் போகாதே என்று கேட்பதா? அதற்கு அவள் நாக்கைக் கடித்துத் துண்டாக்கிக்கொள்வாள்.

"நான் சம்மதிக்கத்தான் போறேன்" என்றாள். "அவர் நிச்சயத்தை நான் ஏன் கெடுக்கணும்?"

ஸ்தேஷா கரண்டியைப் போட்டாள். "உங்க ரெண்டு பேரையும் ஒரு சாக்குல போட்டுக் கட்டி உக்ராவுல விட்டா, சாக்குக்குள்ளயும் நடுவுல கோடு போட்டுப்பீங்க."

கர்பூஷின் வரும்போது பனிமூட்டம் விலகி வெயில் இளஞ்சூடாக இறங்கியிருந்தது. ரப்பர் பூட்ஸ், தோளில் நூல்கண்டு, கையில் அளவு நாடா. நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அதுவே ரிம்மாவுக்குப் பிடிக்கவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் கோபப்படவாவது வசதியாக இருந்திருக்கும். அவருக்குப் பின்னால் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே லுக்யான் வந்தான்.

"வணக்கம், லுக்யான் ஃபெதோத்தோவிச்" என்றாள் ரிம்மா. பிரிந்த நாளிலிருந்து தகப்பன் பெயரும் சேர்த்து, 'நீங்க' போட்டுத்தான் பேசுகிறாள். அவன் அதற்கு மசியவில்லை.

"வணக்கம், ரிம்மா. உடம்பு எப்படி இருக்கு?"

"கேட்டதுக்கு நன்றி. நல்லா இருக்கேன்."

கர்பூஷின் மரங்களை அண்ணாந்து பார்த்தார். ஏழு மரத்திலும் தேனீக்கள் மொய்த்து, வரிசை முழுவதும் ஒரே குரலில் முனகிக்கொண்டிருந்தது. "அழகாத்தான் இருக்கு, ரிம்மா சவேல்யெவ்னா. மனசு வரலை. ஆனா எங்கிட்ட ரெண்டு நாய் இருக்கு, கன்னுக்குட்டி உயரம். பூவை வேலியா வெச்சு அதுங்களை எப்படி நிறுத்தறது? வேணும்னா வேரோட எடுத்து உங்க பக்கம் நட்டுக்கோங்க. நானே தோண்டித் தர்றேன்."

"இவ்வளவு வயசு ஆன பேரியை வேரோட எடுத்தா பிழைக்காது."

"அப்ப வெட்டித்தான் ஆகணும். உங்களுக்கு ஆட்சேபம் இல்லையே? நாளைக்குப் பேச்சு வரக்கூடாது பாருங்க."

ஸ்தேஷா வாசல்படியில் நின்று அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். லுக்யான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தால் ரிம்மா என்ன சொல்லியிருப்பாளோ, தெரியாது. அவன் நிமிரவில்லை.

"எனக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்லை" என்றாள்.

"நல்லதாப் போச்சு. அப்ப இந்தப் பக்கம் வாங்க, கம்பம் எங்க வருதுன்னு காட்டிடறேன். உங்க பாத்தியில கை வெச்சுட்டேன்னு ஆகக்கூடாது."

மூன்றாவது மரத்துக்கும் நான்காவது மரத்துக்கும் நடுவில் ஓர் ஆள் நுழையும் இடைவெளி இருந்தது. ஆறு வருடமாக ரிம்மா அதில் காலை வைத்ததில்லை. தண்ணீருக்குள் இறங்குகிறவள் போலப் பாவாடையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நுழைந்தாள். இரண்டு பக்கமும் பூ தோளில் உரசியது. இதழ்கள் கழுத்துக்குள் விழுந்தன. ஒரு கணம் காதில் தேனீக்களைத் தவிர எதுவும் இல்லை. அந்தப் பக்கம் போய்த் திரும்பி நின்றாள்.

தன் வீடு அங்கிருந்து வேறு யாருடைய வீடு போலவோ இருந்தது. ஜன்னல் திரை விலகினால் மேசை தெரியும் என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. பிறகு மரத்தைப் பார்த்தாள்.

அவள் பக்கம் கிள்ளிய இடங்களெல்லாம் விரல்கடை நீளத்துக்குத் துருத்திக்கொண்டிருக்கும். மூன்று இலை விட்டுக் கிள்ளுவது அவள் பழக்கம். மரத்துக்கு மூச்சுவிட இடம் வேண்டும் என்பாள். இந்தப் பக்கம் அப்படி இல்லை. எல்லாம் தண்டோடு ஒட்டிய குட்டை முண்டுகள், மேல்நோக்கிச் சாய்வாக நறுக்கப்பட்டவை. பூங்கொத்துகள் நேராகத் தண்டிலிருந்தே வெடித்துக் கிளம்பியிருந்தன. லுக்யான் எதையும் ஒட்டத்தான் வெட்டுவான். தக்காளிச் செடியில் பக்கத்தளிர் எடுப்பதிலிருந்து தன் நகம் வெட்டுவது வரை.

இந்த வெட்டை எங்கே பார்த்திருக்கிறோம்?

தன் பக்கத்தில் பார்த்திருக்கிறாள். கண்மட்டத்தில், ஒரு முழ நீளத்துக்கு, ஏழு மரத்திலும். தூண்பேரி ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் உயரும். எந்த உயரத்தில் எந்தக் கோடைக்காலம் என்று தண்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். அந்த ஒரு முழம், இரண்டு வருடத்துக்கு முன் அவள் அறுவை சிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த கோடை. பொண்ணு அவசரத்தில் ஒட்டக் கிள்ளிவிட்டாள், பரவாயில்லை, செய்தாளே என்று அப்போது நினைத்துக்கொண்டாள்.

"ஸ்தேஷா, இங்க வா."

ஸ்தேஷா வந்தாள்.

"நான் ஆஸ்பத்திரில இருந்த வருஷம் என் பக்கத்துத் தளிரைக் கிள்ளச் சொன்னேனே. கிள்ளினியா?"

ஸ்தேஷாவின் பார்வை அப்பாவிடம் போய்த் திரும்பியது. "கிள்ளணும்னுதான் வந்தேம்மா."

"கிள்ளினியா இல்லையா?"

"நான் வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருந்தது. உங்கிட்டச் சொல்லக்கூடாதுன்னு அப்பா சொன்னார். அவளே பார்த்துத் தெரிஞ்சுப்பான்னார். நீ என்னடான்னா நான்தான் செஞ்சேன்னு சொல்லி எனக்குக் கம்பளிக் கையுறை பின்னிக் கொடுத்தே. அதை மாட்டிக்கிட்டு எந்த முகத்தோட உண்மையைச் சொல்றது?"

கர்பூஷின் நூல்கண்டோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கம்பம் எங்கே நடுவது என்ற பேச்சு எப்படிக் கையுறைக்குப் போயிற்று என்று அவருக்குப் புரியவில்லை.

"எனக்குச் சம்மதம் இல்லை" என்றாள் ரிம்மா.

"இப்பத்தானே ஆட்சேபம் இல்லைன்னீங்க."

"ஆமா, சொன்னேன். அது தப்பு. மரத்தைத் தொட விடமாட்டேன்."

கர்பூஷின் லுக்யானைப் பார்த்தார். லுக்யானின் முகம் வெளுத்திருந்தது. "என்னங்க இது, லுக்யான் ஃபெதோத்தோவிச்? வெட்டியா அலையவிடறீங்க" என்று முணுமுணுத்தபடி நூலைச் சுற்றினார். பிறகு என்ன தோன்றியதோ, குரல் தணிந்தது. "நாளை சாயங்காலம் வரைக்கும் பொறுக்கறேன். பேசி முடிச்சுட்டுச் சொல்லுங்க. எனக்கு அந்தக் கிணறு பிடிச்சிருக்கு."

அவர் போனார். பாத்திரம் கழுவ வேண்டும் என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு ஸ்தேஷாவும் போனாள்.

லுக்யான் குளியல் குடிலின் படியில் போய் உட்கார்ந்தான். ரிம்மா மரங்களோரமாக நடந்தாள், ஒவ்வொன்றின் தண்டிலும் கைவைத்துக்கொண்டே. அந்தக் கோடையை அவள் நினைத்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரி ஜன்னலில் ஒரு பாப்ளார் மரத்தின் பஞ்சு பறந்துகொண்டே இருந்தது. மயக்க மருந்தின் மிச்சத்தில் அது பேரிப்பூ என்று நினைத்துக்கொண்டு, ஜூன் வந்துவிட்டதே, கிள்ளவில்லையே என்று நர்ஸிடம் புலம்பியிருக்கிறாள். அதே வேளையில் இங்கே அவன் எல்லையைத் தாண்டி வந்து, அவள் மண்ணில் நின்று, ஒவ்வொரு தளிராக எடுத்திருக்கிறான். அந்த இரண்டு காட்சிகளும் இப்போது வெயிலில் ஒன்றாகக் கலந்து எது எங்கே நடந்தது என்பதே அவளுக்குக் குழம்பியது. தேனீக்கள் வேறு விடாமல் முனகின.

படிக்குச் சற்றுத் தள்ளி வந்து நின்றாள்.

"ஏன் சொல்லலை?"

"சொல்லணுமா?" லுக்யான் தொப்பியைப் பார்த்துக்கொண்டே பேசினான். "என் வெட்டு உனக்குத் தெரியாதா, ரிம்மா? எத்தனை வருஷம் ஒண்ணாத் தக்காளி வளர்த்தோம். இவ்வளவு ஒட்ட வெட்டாதேன்னு வருஷா வருஷம் திட்டினே. பார்த்ததும் கண்டுபிடிச்சுடுவேன்னு நினைச்சேன்."

"ஸ்தேஷான்னு நினைச்சுட்டேன்."

"அது இப்பத்தான் எனக்குத் தெரியுது."

அவன் தொப்பியைப் படியில் வைத்தான்.

"ஆஸ்பத்திரியிலேருந்து வந்த அன்னிக்கு நீ நேரா மரத்துகிட்டத்தான் போனே. நின்னு கையால தடவிப் பார்த்தே. நான் இங்க, இதே படியில உட்கார்ந்திருந்தேன். இப்பத் திரும்புவா, ஏதாவது சொல்லுவான்னு பார்த்தேன். எந்த உரிமையில என் பக்கம் வந்தேன்னு கத்தியிருந்தாக்கூடப் போதும், சந்தோஷப்பட்டிருப்பேன். நீ உள்ளே போய்க் கதவைச் சாத்திட்டே."

"குளிரா இருந்தது" என்றாள் ரிம்மா. உண்மையும் அதுதான். அன்று குளிராக இருந்தது.

"தெரிஞ்சும் கண்டுக்கலைன்னு நினைச்சேன். சரி, அவ பதில் இதுதான்னு எடுத்துக்கிட்டேன். அப்பவும் அடுத்த கோடை பூரா உட்கார்ந்து பார்த்தேன்."

ரிம்மாவுக்குக் கண் கரித்தது. அவளைச் சிறுமைப்படுத்தத்தான் அவன் விற்கிறான் என்று ஒரு வாரமாக எத்தனை சாபம் கொடுத்திருக்கிறாள். மரத்தில் எழுதினாற்போல நின்ற ஒன்றைத் தினமும் பார்த்துவிட்டு, அதைப் படிக்காமலே இருந்திருக்கிறாள். அவமானமாக இருந்தது. அதற்கு அடியில், இத்தனை காலமும் ஒருவன் அந்தப் படியில் உட்கார்ந்து தன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது சந்தோஷமாகவும் இருந்தது.

மெல்ல நடந்து, மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் நுழைந்து, தன் பக்கத்துக்கு வந்தாள். இதைச் சொல்லத் தன் மண்ணில் நிற்க வேண்டும் போல இருந்தது.

"லூக்கா."

பிரிந்த பிறகு அவள் வாயில் வராத அந்தச் செல்லப்பெயரைக் கேட்டு அவன் எழுந்துவிட்டான்.

"விக்காதே. நீ இங்கேயே இரு. மரத்துக்காகச் சொல்லலை, எனக்காகச் சொல்றேன்."

சொல்லிவிட்டாள். நாக்கு துண்டாகவில்லை. வானம் இடிந்தும் விழவில்லை. காற்றில் இதழ்கள் மட்டும் கொஞ்சம் உதிர்ந்தன.

லுக்யான் மரத்தடிக்கு வந்தான். அந்த இடைவெளியில் ஒரு காலை அவள் பக்கம் எடுத்து வைத்தான். மறு காலை எடுக்கவில்லை. அப்படியே இரண்டு மரத்துக்கு நடுவில் நின்றான். இவ்வளவு பக்கத்தில் அவன் முகத்தை அவள் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. கண்ணோரச் சுருக்கங்கள் புதியவை.

"இதைப் போன வருஷம் சொல்லியிருந்தா, ரிம்மா..."

"போன வருஷம் எனக்குத் தெரியாது."

"தெரியும். உன்மேல தப்பு இல்லை." அவன் மரத்தண்டில் கையை ஊன்றினான். "பெர்ம் நகரத்துல ஒருத்தி இருக்கா. அலெவ்தினான்னு பேரு. அக்கா வீட்டுக்குப் போனப்பப் பழக்கம். நல்லவ. அறுவடைக்கு முன்னாடி வந்துடறேன்னு அவளுக்கு வாக்குக் கொடுத்துட்டேன். ஸ்தேஷாவுக்குக்கூட இன்னும் தெரியாது."

உள்ளே ஸ்தேஷா தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது. ரிம்மா அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றாள். நகர்ந்து வழிவிடவும் இல்லை, பின்வாங்கவும் இல்லை.

"அப்புறம்?" என்றாள்.

"அப்புறம் என்ன? நீ இப்படிச் சொல்லுவேன்னு நான் நினைக்கலை."

"இப்படி ரெண்டுங்கெட்டானா நின்னு என்கிட்டப் பேசாதே, லூக்கா. முழுசா இந்தப் பக்கம் வந்து சொல்லு. இல்லேன்னா முழுசா அந்தப் பக்கம் போய் நின்னு சொல்லு. எதுவானாலும் கேட்டுக்கறேன்."

லுக்யான் குனிந்து தன் கால்களைப் பார்த்தான். ஒன்று அவள் பாத்தியின் ஓரத்தில் இருந்தது, மற்றொன்று அவன் புல்லில்.

அவன் எந்தக் காலை எடுக்கப்போகிறான் என்று பார்த்தபடி ரிம்மா நின்றாள். நீதிமன்றத்தில் பயப்படவில்லை. ஆஸ்பத்திரியிலும் பயப்படவில்லை. இப்போது பயமாக இருந்தது.